முப்பத்தோரு விடைத்தாள்கள்

காலாண்டுத் தாள் திருத்திய சிவப்புப் பேனாவில்
இன்னும் மை இருந்தது.
அதனால்தான் என்று வையுங்கள்.
அக்டோபர் ஒன்று முதல் ராத்திரிக்கு ஒரு பேய்ப்படம்,
பத்துக்கு மார்க்.

யோசனை ஷமீமாவுடையது.
அவள் அக்கா ஹூஸ்டனில் இருக்கிறாள்.
அங்கே இந்த மாசம் ஹாலோவீனாம்,
பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் வெட்டி
உள்ளே விளக்கு வைப்பார்களாம்.
இங்கே ஆயுத பூசைக்கு உடைத்த பூசணி
சமாதானபுரம் முக்கில்
குங்குமத்தோடு மூன்று நாள் கிடந்தது.
கெமிஸ்ட்ரி சார் அதில் வண்டியோடு வழுக்கி
முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார்.
எந்தப் பூசணி கூடுதல் பயம் என்று
அவரிடம் கேளுங்கள்.

நான் ஸ்டெப் மார்க் போடுகிறவள்.
பேய் ஏன் வந்தது, அதற்கு இரண்டு.
எப்படி வந்தது, மூன்று.
கதவு கிறீச்சிட்டால் ஒன்றும் கிடையாது.
ஐப்பசி மழைக்குப் பாளையங்கோட்டையில்
எல்லாக் கதவும் ஊதிப்போய்க் கிறீச்சிடத்தான் செய்யும்,
என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே விழாது.
பூனை பாய்ந்தால் அரை மார்க் கழிவு.
நாலு படத்தில் ஒரே வெள்ளைச் சேலை, ஒரே மல்லிகைப்பூ.
நாலும் ஒரே பெஞ்ச் என்று ஓரத்தில் எழுதினேன்.

எங்கள் ஊர் இசக்கிக்கு
ஒரு சேலையும் ஒரு பொங்கலும் போதும்.
படத்தில் வருவதை விரட்ட
லத்தீன் தெரிய வேண்டியிருக்கிறது.
சிலபஸிலேயே இல்லை.

ஷமீமாவுக்கு ஒரே கேள்விதான்.
படம் முடிந்து, லைட் போடாமல்,
கொல்லைப்பக்கம் போக முடிந்ததா?
முடிந்தால் முட்டை. இல்லாவிட்டால் பத்து.
நான் மூணு போட்டதற்கு அவள் ஒன்பதரை.
"அதென்னட்டி ஒன்பதரை? பாதி தூரம் போனியா?"
"வாசப்படி வரைக்கும் போனேன்.
பெறவு அவியள எழுப்பிட்டேன்."

தீபாவளி வாரம் எல்லாம் குழப்பம்.
பத்தொன்பதாவது படத்தில் நான் துள்ளியது
பேய்க்கா, அடுத்த தெரு அணுகுண்டுக்கா, தெரியவில்லை.
சந்தேகத்தின் பலனைப் பேய்க்குக் கொடுத்தேன்.

இருபத்தேழாம் ராத்திரி நல்ல மழை.
கீழ்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல்,
சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன்.
சத்தம் போனதும் பயமும் போயிற்று.
பெரிய வீடு. நீள வராந்தா.
ஈரத்தலையோடு ஒரு பெண்
ஒவ்வொரு கதவாக நின்று நின்று பார்க்கிறாள்.
வாய் அசைகிறது.
உள்ளே இருப்பவர்கள் கத்துகிறார்கள்,
அதுவும் கேட்கவில்லை.

முக்கூடல் பஸ்ஸைத் தவறவிட்டு
முதல் பீரியட் பாதியில் வந்து
வாசலில் நிற்பாளே,
ஒன்பது பி செண்பகவல்லி,
அப்படியே.
பாவாடை நுனி சொட்டும். தலை நிமிராது.
போர்டில் கணக்கை முடிக்கும்வரை
நான் திரும்பமாட்டேன்,
அவள் நிற்பது தெரியும்.
போன வருஷம் அரையாண்டுக்கு அவள் வரவில்லை.
ரெஜிஸ்டரில் பெயரை அடித்தது இதே பேனா.

வாய் தவறி, உரக்க,
"உள்ள வா" என்றேன்.

கதவு திறந்தது.

கீழ்வீட்டு அழகியநம்பி. கையில் டார்ச்.
காய்ச்சல் மருந்து இருக்கா டீச்சர் என்று
மூணு தரம் கேட்டானாம்.
அதற்குள் நான்
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன்.
மருந்து பிரிட்ஜ் மேல் இருக்கிறது என்று
அங்கிருந்தே சொன்னேன்.

ஷமீமாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் மாசம் முழுக்கச் சிரிப்பாள்.
மீதி நாலு படமும் சுமார்தான்,
அஞ்சு, நாலரை, அஞ்சு, ரெண்டு.

இருபத்தேழுக்கு நேரே மார்க் இல்லை.
வந்தாள்
என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.